ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் நோய்

திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடி போகும் வழியில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வித்துரா. மலையடிவாரம், எங்கு பார்த்தாலும் ரப்பர். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒட்டுக் கன்று பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. விதையிலிருந்து முளைத்த நாற்றின் தண்டில், நன்றாகப் பால் தரும் மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். மொட்டு பிடித்துக்கொண்டதும் அதற்கு மேலே உள்ள பழைய தண்டை வெட்டி எறிகிறார்கள். அதன் பிறகு வளர்வது புதிய மரம். வேர் மட்டும்தான் பழையது. ஆனாலும் தொடக்கத்தில் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். ஒட்டுக்குக் கீழே பழைய அடிக்கட்டையிலிருந்து ஒரு தளிர் எட்டிப் பார்த்தால் உடனே கிள்ளிவிட வேண்டும். விட்டால் ஒட்டு நலிந்து பழைய மரமே தலைதூக்கிவிடும்.

ரத்தப் புற்றுநோய்க்கான ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையும் ஏறக்குறைய இப்படித்தான். கடுமையான மருந்துகளாலும் சில சமயம் கதிர்வீச்சாலும் நோயாளியின் எலும்பு மஜ்ஜை காலி செய்யப்படுகிறது. பிறகு அண்ணன், தங்கை அல்லது முன்பின் அறியாத ஒரு கொடையாளியின் ஸ்டெம் செல்கள் சாதாரண ரத்தம் போல நரம்பு வழியே ஏற்றப்படுகின்றன. அவை தாமாகவே எலும்புக்குள் போய்க் குடியேறுகின்றன. சில வாரங்களில் நோயாளியின் உடலில் ஓடுவது கொடையாளியின் ரத்தம். இருவரின் ரத்தப் பிரிவும் வேறாக இருந்தால் பிரிவுகூட மாறிவிடுகிறது.

எல்லாம் சரியாக நடந்தால் நோய் ஒழிந்தது. ஆனால் எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. எங்கோ ஒளிந்திருந்த சில பழைய செல்கள், பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குள், மறுபடி தளிர் விடுகின்றன. நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரி வாசலில் கிடந்து சிகிச்சையை முடித்துக்கொண்டு வந்த குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களிடமும் இதற்குப் பதில் இல்லை. மீண்டும் கீமோதெரபி கொடுத்தால் நோய் சில மாதம் அடங்கும், பிறகு திரும்பும். இரண்டாவது முறை மாற்று சிகிச்சை செய்யலாம். அதைத் தாங்கும் உடம்பு எல்லோருக்கும் இருக்காது.

இன்று நிலைமை வேறு. திரும்பி வந்த நோயை விரட்ட மருந்துக்குப் பதிலாக உயிருள்ள செல்களையே அனுப்புகிறார்கள். இந்தியாவிலும் அது நடக்கிறது, வேலூரிலும் நடக்கிறது. இருந்தும் வித்துரா போன்ற ஓர் ஊரிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு அது எட்டுமா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல, இந்த சிகிச்சை பிறந்த கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

எலும்பு மஜ்ஜை மாற்றை மனிதர்களுக்குச் சாத்தியமாக்கியவர் அமெரிக்க டாக்டர் டொனால் தாமஸ். 1957ல் அவர் வெளியிட்ட முதல் முயற்சிகள் தோல்வியில்தான் முடிந்தன. விடாமல் உழைத்ததற்கு 1990ல் நோபல் பரிசு கிடைத்தது. தொடக்கத்தில் இந்த சிகிச்சை பற்றி இருந்த கருத்து எளிமையானது: புற்றுநோயைக் கொல்வது மருந்தும் கதிர்வீச்சும், மஜ்ஜை வெறும் மீட்புப் படை. அழிந்த ரத்த உற்பத்தியைத் திரும்பத் தொடங்கிவைப்பதுதான் அதன் வேலை என்று நினைத்தார்கள்.

ஆனால் சில தகவல்கள் இந்தக் கணக்கில் அடங்கவில்லை. கொடையாளியின் வெள்ளணுக்கள் புதிய உடலை அன்னியமாகக் கருதித் தோல், குடல், கல்லீரலைத் தாக்குவதுண்டு. மாற்று சிகிச்சையின் மிக மோசமான பின்விளைவு இதுதான், உயிரையே குடித்துவிடும். ஆனால் இந்தத் தாக்குதலுக்கு ஆளாகிப் பிழைத்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவாக இருப்பதை 1979ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரக் குழு கண்டது. 1990ல் 2,254 நோயாளிகளை ஆராய்ந்த சர்வதேசக் கணக்கெடுப்பு விஷயத்தை உறுதி செய்தது. உருவொத்த இரட்டையரிடமிருந்து மஜ்ஜை பெற்றவர்களுக்கு உடல் முரண்டு பிடிக்கவே இல்லை. ஆனால் நோய் திரும்புவது அதிகம். ஏற்றும் முன் மஜ்ஜையிலிருந்து டி செல் எனும் வெள்ளணுக்களை வடிகட்டி நீக்கியபோதும் அதே கதைதான்.

ஆக, கொடையாளியின் செல்கள் மீட்புப் படை மட்டுமல்ல, போர்ப் படையும்கூட. ரத்தப் புற்றுநோயைக் கடைசியில் ஒழித்துக்கட்டுவதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு. நல்லதும் கெட்டதும் ஒரே கையிலிருந்து வருவதுதான் சிக்கல். புற்றுநோயைத் தாக்கும் அதே டி செல்தான் நோயாளியின் குடலையும் தாக்குகிறது.

இதிலிருந்து ஒரு துணிச்சலான யோசனை பிறந்தது. நோய் திரும்பிவிட்டதென்றால் படை பலம் போதவில்லை என்று அர்த்தம். அதே கொடையாளியிடம் போய் இன்னும் கொஞ்சம் வெள்ளணுக்கள் கேட்டால் என்ன? ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஹான்ஸ் யோகெம் கோல்ப் என்ற டாக்டர் அதைத்தான் செய்தார். மாற்று சிகிச்சைக்குப் பின் நோய் திரும்பிய மூன்று நாள்பட்ட மைலாய்ட் லுகேமியா நோயாளிகளுக்கு, இன்டர்ஃபெரான் மருந்தோடு பழைய கொடையாளியின் வெள்ளணுக்களையும் ஏற்றினார். மூவருக்கும் புற்றுநோய் செல்கள் மறைந்தன. 1990ல் வெளியான அந்த அறிக்கையிலிருந்துதான், திரும்பி வந்த ரத்தப் புற்றுநோய்க்கு செல்களைக் கொண்டே சிகிச்சை என்ற வழி மருத்துவ உலகில் வேரூன்றியது.

இதில் ஆபரேஷன் இல்லை. மஜ்ஜையை மீண்டும் காலி செய்ய வேண்டியதில்லை. கொடையாளியின் கையிலிருந்து ரத்தம் ஓர் இயந்திரத்துக்குள் போகிறது. வெள்ளணுக்கள் மட்டும் பிரிக்கப்பட்டு மற்றவை அவருக்கே திரும்புகின்றன. சில மணி நேர வேலை. நோயாளிக்கு முதலில் சிறிய அளவு: உடன்பிறந்தவரின் செல் என்றால், உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கோடி டி செல் என்று தொடங்குவது ஒரு வழக்கம். பிறகு காத்திருக்கிறார்கள். பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். உடல் உறுப்புகளைத் தாக்கும் அறிகுறி இல்லாவிட்டால் அடுத்த தவணையில் அளவைக் கூட்டுகிறார்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் நோயை வென்று நோயாளியை இழக்க நேரிடும்.

ஆனால் எல்லா ரத்தப் புற்றுநோயும் இந்த வைத்தியத்துக்குப் பணிவதில்லை. கோல்பும் ஐரோப்பிய டாக்டர்களும் 1995ல் வெளியிட்ட 135 நோயாளிகளின் கணக்கு இதை அப்பட்டமாகக் காட்டியது. நாள்பட்ட மைலாய்ட் வகையில் 73 சதவீதம் பேருக்கு நோய் முழுமையாக அடங்கியது. தீவிர மைலாய்ட் வகையில் 29 சதவீதம். குழந்தைகளை அதிகம் தாக்கும் தீவிர லிம்ஃபாய்ட் வகையில் பலன் இல்லை. அந்த வகை நோய் வேகமாகப் பெருகுவதால், மெதுவாகச் சூடுபிடிக்கும் படைக்கு அவகாசம் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணம்.

எந்த வகையானாலும் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. எதிரி சிறியதாக இருக்கும்போது அனுப்பினால்தான் இந்தப் படைக்கு வெற்றி வாய்ப்பு அதிகம். உடம்பில் கட்டி தெரிந்து, காய்ச்சல் வந்து, ரத்த அணுக்கள் சரிந்த பிறகு அல்ல. நுண்ணோக்கியில்கூடத் தெரியாமல் மரபணுப் பரிசோதனையில் மட்டும் பழைய செல்களின் தடயம் தெரியும்போதே. மாற்று சிகிச்சை முடிந்தவரின் ரத்தத்தில் எத்தனை சதவீதம் கொடையாளியுடையது, எத்தனை சதவீதம் அவருடைய பழையது என்று குறித்த காலத்தில் பார்த்துக்கொண்டே இருப்பது அதற்காகத்தான். ஒட்டுக்குக் கீழே தளிர் தெரிகிறதா என்று ரப்பர் விவசாயி குனிந்து பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை.

தீவிர லிம்ஃபாய்ட் வகைக்குப் பதில் கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகள் ஆயின. கொடையாளியின் டி செல்லுக்குப் புற்றுநோயை அடையாளம் தெரியவில்லை என்றால் அடையாளம் சொல்லிக் கொடுத்து அனுப்பலாமே என்பதுதான் அந்தப் பதில். டி செல்களைப் பிரித்தெடுத்து, செயலிழக்கச் செய்த ஒரு வைரஸின் முதுகில் ஒரு புதிய மரபணுவை ஏற்றி அவற்றுக்குள் செலுத்துகிறார்கள். அந்த மரபணு டி செல்லின் மேற்பரப்பில் ஒரு கொக்கியை முளைக்கச் செய்கிறது. பி செல் வகைப் புற்றுநோயின் மேல் இருக்கும் சிடி 19 என்ற புரதத்தை அந்தக் கொக்கி பற்றிக்கொள்கிறது. பற்றியதும் டி செல் கொல்கிறது, கொன்றுவிட்டுப் பெருகுகிறது. இதுதான் கார் டி செல் சிகிச்சை.

2017 ஆகஸ்டில் அமெரிக்கா இதற்கு முதல் அனுமதி அளித்தது. 25 வயது வரையிலான லிம்ஃபாய்ட் லுகேமியா நோயாளிகளுக்கு. அதற்கு அடிப்படையாக இருந்த சோதனையின் விவரம் 2018ல் வெளியானது. செல் ஏற்றப்பட்ட 75 பேரில் 81 சதவீதம் பேருக்கு மூன்று மாதத்துக்குள் நோய் அடங்கியது. கவனிக்க வேண்டியது இன்னொரு எண்: அந்த 75 பேரில் 61 சதவீதம் பேர் ஏற்கெனவே மாற்று சிகிச்சை செய்துகொண்டு, அதன் பிறகும் நோய் திரும்பியவர்கள். வேறு வழியில்லை என்று கைவிடப்பட்டிருக்கக்கூடியவர்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மாற்று சிகிச்சை முடிந்தவரின் கையிலிருந்து எடுக்கப்படும் டி செல் உண்மையில் அவருடையதல்ல. பெரும்பாலும் கொடையாளியின் வழித்தோன்றல். அண்ணன் கொடுத்த செல்லைத் தங்கையின் உடம்பிலிருந்து எடுத்து, பயிற்சி கொடுத்து, மீண்டும் தங்கைக்கே அனுப்புகிறார்கள். அவை ஏற்கெனவே அந்த உடம்பில் வாழ்ந்து பழகியவை என்பதால் மற்ற உறுப்புகளைத் தாக்கும் ஆபத்தும் குறைவு.

அதற்காக இது லேசான சிகிச்சை அல்ல. டி செல்கள் ஒரே நேரத்தில் பெருகித் தாக்கும்போது கடும் காய்ச்சல் அடிக்கும், ரத்த அழுத்தம் இறங்கும். சிலருக்கு நினைவு தடுமாறும். தீவிர சிகிச்சைப் பிரிவு பக்கத்திலேயே இருக்க வேண்டும். புற்றுநோயோடு நல்ல பி செல்களும் அழிவதால் நோய் எதிர்ப்புப் புரதத்தை வெளியிலிருந்து ஏற்ற வேண்டியிருக்கும். மேற்சொன்ன சோதனையில் நோய் அடங்கியவர்களிலும் பலருக்கு அது மீண்டும் வந்தது. சிலருக்கு சிடி 19 புரதத்தையே உதிர்த்துவிட்டு, கொக்கிக்கு அகப்படாமல் வந்தது. தீவிர மைலாய்ட் வகையின் கதை இன்னும் கடினம். அதன் மேல் இருக்கும் அடையாளங்கள் நல்ல மஜ்ஜைச் செல்களிலும் இருப்பதால், அதற்கு இத்தகைய கொக்கி தயாரிப்பது ஆராய்ச்சி நிலையைத் தாண்டவில்லை. அங்கே இன்றும் கைகொடுப்பது கோல்ப் காட்டிய பழைய வழிதான், வேறு மருந்துகளின் துணையோடு.

விலை? அமெரிக்காவில் 2017ல் ஒரு நோயாளிக்கு 4,75,000 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 3 கோடி ரூபாய், அதுவும் செல்லுக்கு மட்டும்.

இந்த இடத்தில்தான் இந்தியாவின் கதை தொடங்குகிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1983ல் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. மூன்று ஆண்டு கழித்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் மாமன் சாண்டியின் தலைமையில் அதைத் தொடங்கியது. கார் டி செல்லிலும் இதே இரு நிறுவனங்கள் முன்னால் நிற்கின்றன. மும்பை ஐ.ஐ.டி.யில் ராகுல் பூர்வார் குழு உருவாக்கிய செல்கள், 2021 ஜூனில் நவி மும்பையில் உள்ள டாடா மையத்தின் மாற்று சிகிச்சைப் பிரிவில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டன. 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. 2024 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 'நெக்ஸ்கார் 19' என்ற இதன் விலை சுமார் 40 லட்சம் ரூபாய். வெளிநாட்டு விலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. 64 பேரிடம் நடந்த சோதனையில் சுமார் 73 சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்ததாக 2025ல் வெளியான ஆய்வு சொல்கிறது. குறை ஒன்று: 2023ல் தரப்பட்ட அனுமதி 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான். லிம்ஃபாய்ட் லுகேமியா அதிகம் வருவதோ குழந்தைகளுக்கு.

வேலூர் வேறு பாதையில் போனது. தொழிற்சாலைக்கு அனுப்பாமல், ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஒரு மூடிய இயந்திரத்தில் செல்களைத் தயாரித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்த இந்த 'வெல்கார்ட்' சோதனையின் முடிவு 2025ல் வெளியானது. பத்தே நோயாளிகள்தான். தீவிர லிம்ஃபாய்ட் லுகேமியா இருந்த அனைவரும் குணம் கண்டனர். லிம்ஃபோமா இருந்தவர்களில் பாதிப் பேர். சுமார் 15 மாதம் கழித்தும் 80 சதவீதம் பேர் நோயின்றி இருந்தனர். செல் தயாராக ஆனது சுமார் ஒன்பது நாள். நாளுக்கு நாள் பெருகும் நோயோடு ஓடும் பந்தயத்தில் இது சாதாரண விஷயமல்ல. கேரளத்தின் வடபகுதியில் தலச்சேரி மலபார் புற்றுநோய் மையமும் 2024ல் கார் டி செல் சிகிச்சை அளித்து அரசு மருத்துவமனைகளின் வரிசையில் இடம்பிடித்தது.

விலை இறங்கியது உண்மைதான். ஆனால் 3 கோடி ரூபாயும் 40 லட்சம் ரூபாயும் ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கு ஒன்றுதான். கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய பாதுகாப்புத் திட்டமும் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தும் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தருவது 5 லட்சம் ரூபாய். 2011ல் லாட்டரி வருமானத்தைக் கொண்டு தொடங்கப்பட்ட காருண்யா நிதியின் உதவியையும் சேர்த்தாலும் இடைவெளி அடைபடாது. மருந்து விலை இந்தியாவில் இன்னும் இறங்கும் என்று நம்பக் காரணம் இருக்கிறது. நாள்பட்ட மைலாய்ட் லுகேமியாவை ஒரு மாத்திரையால் அடக்கும் இமாட்டினிப், மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய்க்கு விற்றது. இந்திய நிறுவனங்கள் அதையே சுமார் 10 ஆயிரத்துக்குள் தந்தன. காப்புரிமை கேட்டு சென்னையில் தொடங்கிய வழக்கு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தபோது மலிவான மாத்திரைதான் வென்றது. இந்த மாத்திரை வந்த பிறகு, கோல்ப் சிகிச்சை அளித்த வகை நோய்க்கு மாற்று சிகிச்சையே அரிதாகிவிட்டது. ஆனால் மாத்திரையைப் போல செல்லை மூட்டை மூட்டையாகத் தயாரிக்க முடியாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனித் தயாரிப்பு. வேலூர் காட்டும் வழி பரவினால்தான் விலை மேலும் குறையும்.

அதுவரை? மலிவான ஆயுதம் கையிலேயே இருக்கிறது. கொடையாளியின் வெள்ளணுவுக்கு மரபணு மாற்றம் வேண்டாம், தொழிற்சாலை வேண்டாம். அதற்குத் தேவை இரண்டு: சரியான நேரத்தில் பரிசோதனை, மீண்டும் ஒருமுறை கை நீட்டும் கொடையாளி. இரண்டுமே காகிதத்தில் எளிது.

கொடையாளியை எடுத்துக்கொள்ளுங்கள். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொண்ட கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் அந்த வாய்ப்பும் கிட்டாது. அப்பாவோ அம்மாவோ பாதிப் பொருத்தத்தில் கொடுக்கலாம். ஆனால் அந்த முறையில் சில சமயம் பொருந்தாத பாதி அடையாளத்தைப் புற்றுநோய் செல் உதறிவிட்டு வருவதுண்டு. அப்போது அதே கொடையாளியின் வெள்ளணுவால் பயனில்லை. சென்னையில் 2009ல் தொடங்கிய 'தாத்ரி' போன்ற பதிவேடுகள் வழியாகக் கிடைத்த கொடையாளி என்றால் இரண்டாவது முறையும் சம்மதிக்க வேண்டும். தொப்புள்கொடி ரத்தத்தில் மாற்று சிகிச்சை செய்திருந்தால் திரும்பிப் போய்க் கேட்க ஆளே இல்லை. அண்ணனே கொடையாளி என்றாலும், அவர் வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவராக இருந்தால், லீவு கிடைத்து வந்து சேர்வதற்குள் நோய் முந்திவிடும். முதல் தடவையே கூடுதலாக எடுத்து உறைய வைத்துவிட்டால் இந்தப் பதற்றம் இல்லை. சில மருத்துவமனைகள் அப்படிச் செய்கின்றன. எல்லோருக்கும் அது வழக்கமாக வேண்டும்.

அடுத்தது பரிசோதனை. மாற்று சிகிச்சை வேலூரில் நடந்திருந்தால் வித்துராக்காரர் திருவனந்தபுரம் வந்து, இரவு ரயிலேறி, காலையில் காட்பாடியில் இறங்க வேண்டும். நோயாளியோடு ஒருவர் துணை. லாட்ஜ் வாடகை, சாப்பாடு, இருவரின் நாள் கூலி. உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றும் ஐந்தாவது, ஆறாவது மாதத்தில் ஒரு பயணத்தைத் தள்ளிப்போட நினைப்பது குற்றமல்ல. ஆனால் ரத்தத்தில் பழைய செல் எட்டிப் பார்ப்பது அந்த மாதமாகவும் இருக்கலாம். மாற்று சிகிச்சைக்கு நிதி திரட்ட ஊரே கூடுகிறது. பேருந்து நிறுத்தத்தில் உண்டியல் குலுக்குகிறார்கள். அடுத்த இரண்டு ஆண்டுப் பயணச் செலவுக்கு யாரும் உண்டியல் எடுப்பதில்லை.

நோயாளி பயணம் செய்ய வேண்டியதில்லை; ரத்தம் பயணம் செய்தால் போதும். 1981ல் தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் திருவனந்தபுரத்தில், வித்துராவிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறது. மரபணு அறிவியல் தெரிந்தவர்களுக்கும் பஞ்சமில்லை. 2008ல் தொடங்கிய தேசிய அறிவியல் கல்வி நிறுவனமான ஐசர், வித்துராவிலேயே வளாகம் வைத்திருக்கிறது. எந்த மருத்துவமனையில் மாற்று சிகிச்சை நடந்திருந்தாலும், பக்கத்து மையத்தில் ரத்தம் கொடுத்து முடிவை அந்த டாக்டருக்கு அனுப்பும் ஏற்பாடு அரசு செய்யக்கூடியதே. காப்பீட்டுத் திட்டங்கள் மாற்று சிகிச்சையை ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும் நாளோடு முடிந்துவிட்டதாகக் கருதாமல், இரண்டு ஆண்டுக் கண்காணிப்பையும் தேவைப்பட்டால் கொடையாளியின் இரண்டாவது தவணையையும் சேர்த்து ஒரே சிகிச்சையாகக் கணக்கிட வேண்டும். நாற்பது லட்சம் ரூபாய் செல்லை எல்லோருக்கும் கொடுக்க அரசுக்கு இன்று முடியாமல் இருக்கலாம். இதற்கு முடியாது என்று சொல்ல முடியாது.